ஒலியோடு வாழ்ந்த இராமன்

காலை மணி அடிப்பதற்கு முன், ஒருவரும் வந்து சேராத வேளையில், நம் பள்ளியின் பெரிய மண்டபத்துக்குள் தனியாக நுழைந்து ஒரே ஒரு முறை கைதட்டிப் பாருங்கள், தோழியரே! அந்த ஒற்றைத் தட்டல் சுவரில் மோதி, கூரையைத் தொட்டு, மூலையில் சற்றே தங்கி, பின்பு மெல்லத் தேய்ந்து மறையும். அதே மண்டபத்தில் எல்லா வகுப்பினரும் வரிசையாக நின்று காலைச் செபம் சொல்லும்போது அவ்வொலி எங்கே போகிறது? எத்தனை முறை தட்டினாலும் எதிரொலி எழுவதில்லை. நாம் உடுத்திய சீருடைகளும் நம் உடல்களுமே அதை விழுங்கி விடுகின்றன. பெருங்களத்தூர் நிலையத்தில் நிற்காமல் விரைந்தோடும் தென்மாவட்ட ரயில், நடைமேடைக் கூரையின் கீழ் நிற்பவருக்கு ஒரு விதமாகவும், வெளியே சாலையோரம் நிற்பவருக்கு வேறு விதமாகவும் இரைகிறது. ஒலி ஒன்றே, அது குடியிருக்கும் இடம் வேறு.

இக்காலத்தில் அயல்நாட்டு இசைவாணர் சிலர் இவ்வுண்மையையே இசையாக்குகிறார்கள். பாட்டு, தாளம் என்பவற்றைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, ஓர் அறை எப்படி ஒலிக்கிறது, ஒரு மாடம் எப்படி முணுமுணுக்கிறது என்பதையே மக்களைக் கேட்கச் செய்கிறார்கள். இது புதுமை என்று கொண்டாடப்படுகிறது. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பே, நம் தமிழ்நாட்டில் பிறந்த ஒருவர் லண்டன் மாநகரின் தேவாலய மாடத்திலும், பீஜப்பூர்க் கல்லறையின் குவிமாடத்திலும், பாட்னாவின் நெற்களஞ்சியத்திலும் ஒலியைத் தேடிச் சென்று காது கொடுத்து நின்றார். அவர் இசை அமைத்தவர் அல்லர். இசை எப்படி உண்டாகிறது, இடத்தில் அது எப்படி உலவுகிறது என்று ஆராய்ந்தவர். அவர்தாம் சர் சந்திரசேகர வேங்கட இராமன்.

இராமன் என்றதும் நாம் எல்லோரும் ஒளி என்கிறோம். பிப்ரவரி 28ஆம் நாள் தேசிய அறிவியல் தினத்தில் சுவரொட்டி எழுதும் போதும் ஒளிக்கதிரைத்தான் வரைகிறோம். அது சரியே. ஆயினும் ஒளியால் உலகப் புகழ் பெறுவதற்கு முன் பல்லாண்டுகள் அவர் ஒலியோடு வாழ்ந்தவர் என்பதை நம்மில் பலர் அறியோம். அந்தப் பகுதியையே இங்கே சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். மற்றவை பாடப்புத்தகத்தில் இருக்கின்றன.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில், தாய்வழிப் பாட்டனார் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். எட்டுக் குழந்தைகளில் இராமன் இரண்டாமவர். தந்தையார் வயலின் வாசிப்பதில் பெருவிருப்பம் உடையவர். ஆகவே வில் தந்தியைத் தொடும் ஓசை, எழுத்தறியும் முன்பே அக்குழந்தையின் காதில் விழுந்திருக்க வேண்டும்.

1892இல் தந்தையாருக்கு விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் விரிவுரையாளர் பதவி கிடைத்ததால் குடும்பம் அங்கே குடிபெயர்ந்தது. இராமன் படித்தது அவ்வூரில் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய புனித அலோசியஸ் பள்ளியில். நம்மைப் போன்றதொரு பள்ளியில் அவர் சிறுவராக உட்கார்ந்திருந்தார் என்று எண்ணும்போது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டாகிறது அல்லவா? பதினோராம் வயதில் மெட்ரிகுலேஷன் தேறினார். பதின்மூன்றாம் வயதில் கல்லூரி இடைநிலைத் தேர்விலும் வென்றார். பின் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து, 1904இல் பி.ஏ. தேர்வில் முதலிடம் பெற்றார். பௌதிகத்துக்கும் ஆங்கிலத்துக்கும் தங்கப் பதக்கங்கள் அவருக்கே கிடைத்தன. அப்போது அவருக்கு வயது பதினாறுகூட நிறையவில்லை. மெலிந்த உடல் காரணமாக, இங்கிலாந்தின் குளிரைத் தாங்கமாட்டார் என்று மருத்துவர் தடுத்துவிட்டபடியால், மேற்படிப்புக்குக் கடல் கடந்து போகவில்லை. மெரீனாவை நோக்கி நிற்கும் அந்தச் செங்கல் கட்டடத்திலேயே 1907இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார்.

மாணவப் பருவத்தில் அவரை ஆட்கொண்ட நூல்கள் மூன்று என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார். ஒன்று, புத்தர்பிரானின் வரலாற்றைப் பாடும் ஆங்கிலக் காவியம். மற்றொன்று, யூக்ளிட் என்னும் கிரேக்க அறிஞரின் வடிவ கணிதம். மூன்றாவது, ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் இசை ஒலியை நம் செவி எவ்வாறு உணர்கிறது என்பது பற்றி எழுதிய பெருநூல். அருள், அளவு, ஒலி! ஒரு கல்லூரி மாணவரின் அலமாரியில் இம்மூன்றும் அருகருகே இருந்தன.

அக்காலத்தில் விஞ்ஞானம் படித்தவருக்குச் சோறு போடும் வேலை நம் நாட்டில் இல்லை. ஆகவே இராமன் நிதித் துறைத் தேர்வு எழுதினார். அதிலும் முதலிடம். 1907ஆம் ஆண்டிலேயே லோகசுந்தரி அம்மையாரை மணந்தார். இராமன் முதன்முதலாக அம்மையாரைக் கண்டபோது அவர் வீணை வாசித்துக்கொண்டிருந்தார் என்பர். பதின்மூன்று வயதுச் சிறுமி அவர். அவ்வயதில் மணம் முடிப்பது அன்றைய வழக்கம். இன்று அது சட்டத்துக்குப் புறம்பு. அவ்வழக்கம் தடைசெய்யப்பட்டது நம் நற்பேறே.

புதுமணத் தம்பதியர் கல்கத்தாவுக்குச் சென்றனர். இராமன் அங்கே உதவி அக்கவுண்டண்ட் ஜெனரல். கணக்குப் பதிவேடுகளும் கோப்புகளுமாக ஒரு நல்ல அரசாங்க உத்தியோகம். வேறொருவராக இருந்தால் வீடு, வாசல், பதவி உயர்வு என்று காலம் கடத்தியிருப்பார். இராமனோ பௌபஜார் தெருவில் ஒரு பெயர்ப்பலகையைக் கண்டார். மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் 1876இல் நிறுவிய இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் அது. கருவிகள் தூசி படிந்து கிடந்தன. ஆராய வருவார் இல்லை. ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் கதவைத் திறந்துவிட்டார். அன்று தொடங்கிய அவர்களது கூட்டு ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் நீடித்தது.

அவருடைய அன்றாட வாழ்க்கையைக் கேளுங்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆராய்ச்சிக் கழகம். ஒன்பதே முக்காலுக்கு வீடு திரும்பி, குளித்து, அவசரமாக இரண்டு வாய் உண்டு, அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு அலுவலகத்திலிருந்து நேரே மறுபடியும் கழகம். இரவு ஒன்பதரை, பத்து மணிக்கு வீடு. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் கழகமே. இந்தக் கணக்கில் அந்த இளம் மனைவிக்கு எஞ்சிய நேரம் எவ்வளவு என்று வரலாற்று ஆசிரியர்கள் எவரும் கூட்டிப் பார்த்ததாகத் தெரியவில்லை. மொழி அறியாத ஊரில் வீட்டை நடத்தியவர் அவர்தாம்.

இருவரும் சேர்ந்து சென்ற இடங்களுள் ஒன்று கல்கத்தாவின் புனித யோவான் ஆலயம். அங்கே ஒலிக்கும் இசையில் அம்மையார் மனம் பறிகொடுப்பாராம். இராமனோ அந்த ஆலயம் அவ்விசையை எப்படி ஏந்துகிறது என்பதில் மூழ்கிவிடுவாராம். ஒருவர் பாட்டைக் கேட்டார். மற்றவர் கட்டடத்தைக் கேட்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

1909இல் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று ஏக்தாரா பற்றியது. வங்கத்துத் தெருப்பாடகர்கள் கையில் ஏந்திவரும் ஒற்றைத் தந்திக் கருவி அது. அரசாங்க அதிகாரி ஒருவர் தெருப்பாடகரின் கருவியைப் பற்றி விஞ்ஞானக் கட்டுரை எழுதுவது அன்று எவரும் எதிர்பாராதது. ரங்கூன், நாகபுரி என்று மாற்றல்கள் வந்தன. 1911இல் மீண்டும் கல்கத்தா வந்ததும் கழகத்தை அடுத்த வீட்டிலேயே குடியேறிவிட்டார்.

பின்னர் வந்தது வயலின். தந்தையார் நெஞ்சில் வளர்த்த கருவி அல்லவா! வில்லை இழுக்கும்போது தந்தி என்ன செய்கிறது? கண்ணுக்கு அது இரு பக்கமும் பருத்து ஆடுவதுபோல் தோன்றும். உண்மையில் அவ்வாறு இல்லை. வில்லில் பூசிய குங்கிலியத்தின் பசையால் தந்தி வில்லோடு ஒட்டிக்கொண்டு சிறிது தூரம் போகிறது. பின் சட்டென்று வழுக்கி எதிர்ப்புறம் ஓடுகிறது. மறுபடி ஒட்டுகிறது. வினாடிக்கு நூற்றுக்கணக்கான முறை இது நடக்கிறது. தந்தியின் மேல் ஒரு சிறு முடக்கு இங்குமங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது. இந்த ஓட்டத்தைக் கணித வழியில் விளக்கி 1918இல் இராமன் ஒரு விரிவான நூல் வெளியிட்டார்.

கணக்கு மட்டும் போட்டு நின்றுவிடவில்லை. வயலினைத் தானே வாசிக்கும் ஓர் இயந்திரத்தைக் கழகத்திலேயே செய்தார். மனிதக் கை எவ்வளவு தேர்ந்ததாயினும் ஒரே வேகத்தில், ஒரே அழுத்தத்தில் வில்லை இழுக்க முடியாது. இயந்திரத்தால் முடியும். இதில் ஒரு வேடிக்கை: வில் அசையாது, வயலின்தான் முன்னும் பின்னும் நகரும்! வில்லின் வேகத்தைக் கூட்டினால் எவ்வளவு அழுத்தம் வேண்டும், குதிரைக்கு அருகே இழுத்தால் எவ்வளவு, தள்ளி இழுத்தால் எவ்வளவு என்று ஒவ்வொன்றாக அளந்து 1920இல் வெளியிட்டார். வயலின் கற்கும் மாணவிக்கு ஆசிரியை வாய்மொழியாகச் சொல்லித் தருவதையே அவர் எண்களாக எழுதி வைத்தார் எனலாம்.

இனி மிருதங்கத்துக்கு வருவோம். இங்கே சற்று நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனெனில் இங்கே ஒரு பழிச்சொல் துடைக்கப்பட்டது.

தந்தியை மீட்டினால் அடிப்படைச் சுரத்தோடு அதன் இரு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு அதிர்வெண் உடைய மேற்சுரங்களும் கூடவே எழும். இவை ஒன்றுக்கொன்று இயைந்தவை. ஆதலால் இனிமை பிறக்கிறது. ஆனால் வட்டமாக இழுத்துக் கட்டிய வெறும் தோலைத் தட்டினால் எழும் மேற்சுரங்கள் 1.59, 2.14, 2.30 என்று ஒழுங்கில்லாத மடங்குகளில் அமையும். ஒன்றோடொன்று ஒட்டாது. ஆகவே பறைக் கருவிகள் எல்லாம் வெறும் இரைச்சல் எழுப்புபவை. தாளம் காட்டப் பயன்படுமே அன்றி அவற்றுக்கு இசைத் தன்மை இல்லை என்பது ஐரோப்பியப் பௌதிக நூல்களின் முடிவு. அவர்கள் ஊர்ப் பறைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் உண்மையே. ஆனால் அவர்கள் மிருதங்கத்தைக் கேட்டதில்லை.

நம் கோவில் கச்சேரியில் மிருதங்கத்தின் வலந்தலையைப் பார்த்திருப்பீர்கள். நடுவே கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். ஒருவிதக் கல்லைப் பொடித்து, சோற்றோடு குழைத்து, மெல்லிய அடுக்கு அடுக்காகத் தடவி, ஒவ்வோர் அடுக்கையும் வழவழப்பான கல்லால் தேய்த்து உலர்த்தி உண்டாக்குவது அது. நடுவில் கனமாகவும் ஓரத்தில் மெலிந்தும் இருக்கும். பாய்ந்து எழுந்து விழும் தோலின் நடுவில் இந்தப் பாரத்தை ஏற்றியதால் என்ன நேர்கிறது?

இராமனும் அவரோடு பணியாற்றிய சிவகாளி குமார் என்பவரும் 1920இல் இதற்கு விடை கண்டனர். வலந்தலை பலவிதமாக அதிர வல்லது. அவற்றுள் முதன்மையான ஒன்பது விதங்களும், வெறும் தோலில் ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனவை, இங்கே ஐந்தே சுரங்களில் வந்து கூடுகின்றன. அந்த ஐந்தும் தந்தியில் எழுவனபோலவே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று ஒழுங்கான மடங்குகளில் நிற்கின்றன! தோல் தந்தியாகி விட்டது. பின்னாளில் பெங்களூரில் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, விரலால் ஓரிடத்தைத் தொட்டுக்கொண்டு மற்றோரிடத்தில் தட்டி, அதிராத கோடுகளில் மணல் சென்று சேர்வதைப் படம் பிடித்து, 1934இல் முழு விளக்கமும் எழுதினார். வித்துவான் மோதிர விரலை மெல்ல வைத்துக்கொண்டு சுட்டு விரலால் அடிக்கிறாரே, அது வெறும் பழக்கம் அன்று. எந்தச் சுரத்தை எழுப்புவது, எதை அடக்குவது என்பதை அவ்விரல் முடிவு செய்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? இராமன் அல்லர். பெயர் தெரியாத ஏதோ ஒரு தோல் தொழிலாளியின் பரம்பரை, கணிதம் எதுவும் கல்லாமல், காதையே கருவியாகக் கொண்டு, எத்தனையோ தலைமுறைகளில் கண்டது அது. இராமன் பண்டைய இந்தியரின் ஒலியறிவைப் பெரிதும் போற்றி எழுதினார். நாம் ஒன்று சேர்த்துச் சொல்லலாம்: மேடையில் மிருதங்கம் வாசித்தவருக்குக் கிடைத்த மதிப்பு, அதன் தோலைப் பதப்படுத்திக் கட்டிக் கொடுத்தவருக்கு நம் சமூகத்தில் கிடைக்கவில்லை.

வீணையும் தம்பூராவும்கூட அவர் கைக்கு வந்தன. தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ அந்த இடத்தில் அசையாதிருக்க வேண்டிய மேற்சுரம் எழாது என்பது மேனாட்டு விதி. தம்பூராவின் குதிரை தட்டையாக, இலேசான வளைவோடு இருக்கிறது. அதன்மேல் தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகிச் சரிசெய்வார்கள். 'ஜீவா' என்று அந்த நூலுக்கு அழகான பெயர். தந்தி அதிரும்போது குதிரையின் வளைவைத் தொட்டுத் தொட்டு விலகுவதால், எழவே கூடாது என்று விதி சொன்ன சுரங்களும் எழுகின்றன. தம்பூராவின் ரீங்காரம் அதனால்தான் ஒரு கூடத்தை முழுவதும் நிரப்புகிறது. மனைவியார் வீணை மீட்டிய வீட்டில் இந்த ஆராய்ச்சி பிறந்தது பொருத்தமே.

இதற்கிடையில் 1917இல் ஒரு பெரிய முடிவு எடுக்க வேண்டி வந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி பாலித் பேராசிரியர் பதவியை இராமனுக்கு அளித்திருந்தார். நிதித் துறையில் அவர் பெற்று வந்த சம்பளத்தில் ஏறக்குறையப் பாதிதான் அதற்கு ஊதியம். மேலும், அப்பதவிக்கு வருபவர் வெளிநாடு சென்று பயிற்சி பெற வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. சம்பளக் குறைவை இராமன் பொருட்படுத்தவில்லை. நிபந்தனையை மட்டும் ஏற்க மறுத்துவிட்டார். பல்கலைக்கழகம்தான் இறங்கி வந்து நிபந்தனையைத் தளர்த்தியது. பத்தாண்டு அரசாங்க உத்தியோகத்தை, உயர்பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, அவர் உதறினார். குடும்பஸ்தர் ஒருவர் இவ்வாறு செய்வதற்கு வீட்டிலிருப்பவரின் இசைவும் வேண்டும் என்பதை மறக்கலாகாது.

1921இல் ஆக்ஸ்போர்டில் பல்கலைக்கழகங்களின் மாநாடு நடந்தது. கல்கத்தாவின் பிரதிநிதியாக இராமன் அங்கே சென்றார். லண்டனில் மற்றவர் அரண்மனைகளைப் பார்க்கப் போனபோது, அவர் புனித பவுல் பேராலயத்தின் 257 படிகளை ஏறினார். குவிமாடத்தின் உட்புறத்தைச் சுற்றி அங்கே வட்டமான மாடம் ஒன்று இருக்கிறது. 'முணுமுணுப்பு மாடம்' என்று அதற்குப் பெயர். ஒருவர் சுவரோரம் வாய் வைத்து இரகசியம் பேசினால், முப்பது மீட்டருக்கும் அப்பால் எதிர்ப்பக்கம் நிற்பவர் சுவரில் காதை வைத்துக் கேட்கலாம். இடையே வெட்டவெளி!

ஒலி எதிர்ப்புறத்தில் ஒரு புள்ளியில் குவிகிறது என்று முன்னோர் எண்ணினர். ராலே பிரபு என்னும் பேரறிஞர் அதை மறுத்தார். எதிர்ப்புறம் மட்டுமன்று, சுவர் நெடுகிலும் எங்கு நின்றாலும் கேட்கிறதே! ஆகவே ஒலி, வளைந்த சுவரைப் பற்றிக்கொண்டு ஊர்ந்து செல்கிறது என்று அவர் விளக்கினார். பானையின் உட்புறத்தில் உருட்டிவிட்ட கோலிக்குண்டு ஓரத்தை விட்டு அகலாமல் சுற்றுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இராமன் சதர்லாண்டு என்பவரோடு அந்த மாடத்தில் சோதனை செய்தார். ராலே கூறியது அடிப்படையில் சரி; ஆயினும் அது முழுக் கதையன்று என்று கண்டார். சுவரிலிருந்து காதைச் சிறிது சிறிதாக விலக்கிக்கொண்டே வந்தால் ஒலி ஒரே சீராகக் குறைவதில்லை. குறைகிறது, கூடுகிறது, மறுபடி குறைகிறது. கண்ணுக்குத் தெரியாத வளையங்கள் அந்த வெட்டவெளியில் அடுக்கடுக்காகத் தொங்குகின்றன.

அயல்நாட்டார் தம் நாட்டுக் கட்டடத்தைப் பல்லாண்டு ஆராய்ந்திருந்தனர். வழிப்போக்கராக வந்த இந்தியர் ஒருவர், அவர்கள் கேட்கத் தவறியதைக் கேட்டார்.

நாடு திரும்பியபின் இங்குள்ள மாடங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. பீஜப்பூரில் முகம்மது அதில்ஷா உறங்கும் கோல்கும்பஸின் மாபெரும் குவிமாடம், 1770ஆம் ஆண்டுப் பஞ்சத்திற்குப் பின் தானியம் சேமிப்பதற்காக 1786இல் கட்டி முடிக்கப்பட்ட பாட்னாவின் கோல்கர், கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபம், அவ்வூர்ப் பெரிய தபால் நிலையம் ஆகியவற்றையும் சேர்த்து 1922இல் ஆராய்ச்சி வெளியிட்டார். ஒரு மன்னரின் கல்லறை, ஒரு களஞ்சியம், ஒரு தபால் ஆபீஸ்! கட்டியவர்களின் நோக்கம் எதுவாயினும், வளைந்த சுவர் இருந்தால் அங்கே ஒலி குடியேறி விடுகிறது. இன்று கண்ணாடித் துளிகளுக்குள் ஒளியைச் சுற்றவிட்டு நுண்கருவிகள் செய்யும் விஞ்ஞானிகள், அந்த ஒளியின் இயக்கத்துக்கும் முணுமுணுப்பு மாடத்தின் பெயரையே வழங்குகிறார்கள்.

லண்டனிலிருந்து திரும்பும் கப்பலில்தான் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். 1924இல் ராயல் சொசைட்டி உறுப்பினர். 1928 பிப்ரவரி 28இல், கே. எஸ். கிருஷ்ணன் உடனிருந்து உழைக்க, ஒளிச்சிதறலில் புதிய கண்டுபிடிப்பு. 1929இல் சர் பட்டம். 1930இல் நோபல் பரிசு. ஆயினும் ஒலியை அவர் கைவிடவில்லை. 1927இல் ஜெர்மனியில் வெளிவந்த பெரும் பௌதிகக் கலைக்களஞ்சியத்தில் இசைக்கருவிகளைப் பற்றிய பகுதியை எழுதித்தரும்படி அவரையே கேட்டனர். ஹெல்ம்ஹோல்ட்ஸ் பிறந்த நாட்டில், திருவானைக்காவலில் பிறந்தவர் இசையின் பௌதிகத்தை எழுதினார்! 1935–36இல் நாகேந்திர நாத் என்பவரோடு சேர்ந்து, திரவத்தில் எழுப்பிய செவிக்கெட்டா ஒலி அலைகள் தம் வழியே செல்லும் ஒளியை எவ்வாறு பிரிக்கின்றன என்று விளக்கினார். அவருடைய இரு காதல்களும் ஒரு கண்ணாடித் தொட்டியில் சந்தித்தன.

இதுவரை எழுதியதோடு நிறுத்திக்கொண்டால் இக்கட்டுரை இனிதாக முடியும். ஆனால் இது பெண்கள் பயிலும் பள்ளியின் மலர். ஆதலால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது.

1933இல் இராமன் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநர் ஆனார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவர். அதே ஆண்டு கமலா பகவத் என்னும் இளம்பெண் பம்பாயிலிருந்து அங்கே விண்ணப்பம் செய்தார். பல்கலைக்கழகத்தில் முதல்வராகத் தேறியவர். அவருடைய தந்தையாரும் தந்தையின் உடன்பிறந்தாரும் அதே கழகத்தில் பயின்றவர்கள். இராமன் இடம் தர மறுத்தார். காரணம், விண்ணப்பித்தவர் பெண் என்பது ஒன்றே. பறையின் ஒலியை இரைச்சல் என்று கேளாமலே ஒதுக்கியவர்களை மறுத்த அறிஞர், தம் வாயிலில் நின்ற குரலைக் கேளாமலே ஒதுக்கினார்.

கமலா திரும்பிப் போகவில்லை. காந்தியடிகள் காட்டிய வழியில், அவருடைய அறைக்கு முன் சத்தியாக்கிரகம் செய்தார். இறுதியில் இராமன் இசைந்தார், நிபந்தனைகளோடு. முதலாண்டு அவர் முறையான மாணவியாகக் கருதப்பட மாட்டார். வழிகாட்டும் ஆசிரியர் கூறினால் இரவு எந்நேரமும் வேலை செய்ய வேண்டும். ஆண்களின் கவனம் சிதற அவர் காரணமாகக் கூடாது. கல்கத்தாவில் தமக்கு விதித்த நிபந்தனையை ஏற்க மறுத்தவர், இந்தப் பெண்ணுக்கு எத்தனை நிபந்தனைகள் விதித்தார் பாருங்கள்! கமலா அனைத்தையும் ஏற்று, சீனிவாசய்யா என்னும் ஆசிரியரிடம் உழைத்தார். ஓராண்டுக்குப்பின் அவருடைய வேலையைக் கண்டு இராமன் மனம் மாறினார். பெண்களுக்குக் கழகத்தின் கதவு திறந்தது. கமலா 1939இல் கேம்பிரிட்ஜில் டாக்டர் பட்டம் பெற்று, விஞ்ஞானத்தில் அப்பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி என்று போற்றப்பட்டார். கமலா சொஹோனி என்னும் பெயரில் அவரை நாடு அறியும். அன்று பட்ட அவமானத்தை அவர் முதுமையிலும் மறக்கவில்லை.

நம் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த அன்னா மணி 1940இல் இராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளியை ஆராய்ந்து ஐந்து கட்டுரைகள் வெளியிட்டார். பெண்களும் ஆண்களும் அங்கே பேசிப் பழகுவதை இராமன் விரும்பியதில்லை என்று கூறுவர். அன்னா மணி எழுதி முடித்த ஆய்வேட்டுக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணம் காட்டி, டாக்டர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகள் பற்றிக் கற்றுவந்து, இந்திய வானிலைத் துறையில் 1976 வரை பணியாற்றி உயர்ந்தார். காற்றையும் வெயிலையும் நம் நாட்டில் அளந்து எழுதி வைத்தவர்களுள் அவர் முதன்மையானவர். ஆசிரியர் என்ற முறையில் இராமனிடம் அவருக்கு மதிப்பு இருந்தது. அந்த மதிப்பும் உண்மை. அந்த மறுப்பும் உண்மை.

1948இல் இராமன் பெங்களூரில் தம் பெயரால் ஓர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார். சுற்றிலும் மரங்கள் வளர்த்தார். 1954இல் பாரத ரத்னா விருது கிடைத்தது. அவருடைய இளைய மகன் இராதாகிருஷ்ணன், விண்ணிலிருந்து வரும் வானொலி அலைகளை ஆராயும் விஞ்ஞானியாகி, தந்தைக்குப் பின் அந்நிலையத்தை நடத்தினார். ஆண்டுதோறும் அக்டோபர் 2ஆம் நாள் காந்தியடிகள் நினைவாக அங்கே இராமன் ஒரு சொற்பொழிவு ஆற்றுவது வழக்கம். 1970ஆம் ஆண்டு அவர் எடுத்துக்கொண்ட பொருள் மனிதச் செவி. நத்தை ஓடுபோல் சுருண்ட அந்தச் சிறு எலும்புக் கூட்டுக்குள் ஒலி எவ்வாறு உணர்வாகிறது என்பதை எண்பத்திரண்டாம் வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் விளக்கினார். கல்லூரி மாணவராக ஹெல்ம்ஹோல்ட்ஸின் நூலைத் திறந்தபோது எழுந்த அதே வினா. அதுவே அவருடைய கடைசிச் சொற்பொழிவு.

அம்மாத இறுதியில் அவர் நோய்வாய்ப்பட்டார். மருத்துவமனையில் இருக்க விரும்பாமல், தம் மரங்களுக்கிடையே இருக்க வேண்டும் என்று கூறி நிலையத்துக்கே திரும்பிவிட்டார். நவம்பர் 21ஆம் நாள் விடியற்காலையில் உயிர் பிரிந்தது. அந்தத் தோட்டத்திலேயே அவருடைய உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் கல்லறை எழுப்பவில்லை. ஒரு மரம் நட்டார்கள். வீணை வாசித்த லோகசுந்தரி அம்மையார் அதன்பின் பத்தாண்டுகள் வாழ்ந்து, 1980இல் காலமானார்.